படகின் நடுவில் ஓர் இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. போனில் பேசினால் பாதியில் மழுப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அருவிப் பயணம் ரத்தாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா, மாமா, அத்தை, நான் எல்லோரும் போய் வந்தோம். உன் சக்கர நாற்காலியைப் படகில் ஏற்ற வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகப் படகுக்காரர் உன்னிடம் சொல்லியிருந்தார். முடியாது என்று அவர் கைவிரித்துவிட்டதாகவும், அதனால் பயணமே ரத்து என்றும் உன்னிடம் கதை விட்டது நான்தான். அவரிடம் நான் கேட்கவே இல்லை.

துறையில் இறங்கியதும் அவர் உன்னைத்தான் தேடினார். எங்கப்பா அந்தம்மா, தண்ணி எப்ப ஏறும், படகு எவ்வளவு ஆடும்னு அஞ்சு தடவை போன் போட்டு என் உசிரை வாங்கினாங்களே என்று சிரித்தார். படகின் நடுவே உட்காரும் பலகையைக் கழற்றிவிட்டு, சக்கரம் உருளாமலிருக்க நாலு கட்டை அடித்து வைத்திருந்தார். மாமா ஆற்றைப் பார்த்தார். அம்மா பைக்குள் எதையோ துழாவினாள். உனக்குக் காய்ச்சல் என்று நான் அடுத்த பொய்யைச் சொன்னேன். அந்த இடத்தில் சாப்பாட்டுக் கூடையை வைத்தோம். ஆடாமல் நின்றது.

அருவிக்கு ஓரடிகூட நடக்க வேண்டாம் அக்கா. படகு அடிவரை போகிறது. சாரல் மடியில் விழுகிறது.

போன வருஷக் கல்யாணத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேனே, அப்போது ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள். நான் இன்னும் சாகலை, சாப்பிடத்தான் போறேன் என்று நீ அவர்களைக் கிண்டலடித்தாய். எனக்குத்தான் கூசியது. அந்தப் பார்வைகளை இன்னொரு நாள் தாங்க எனக்குத் தைரியமில்லை. அருவிப் பேச்சு வந்தபோது, அவளுக்கு எதுக்கு வீண் அலைச்சல் என்றார் மாமா. ஆமாம் என்றேன். எங்கள் சொகுசுக்கு உன் மேல் அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டோம். இந்த அயோக்கியத்தனத்தைத்தான் நம் வீட்டில் பாசம் என்கிறார்கள்.

படகுக்காரர் கட்டைகளை எடுக்கவில்லை. காய்ச்சல் விட்டதும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். நீயே அவருக்குப் போன் செய்து நாள் குறி. உன் தம்பி பொய்யன் என்றும் சொல்லிவிடு. நீ சொல்லும் நாளில் லீவு போட்டு, ரயிலடிக்கு வந்து உன்னைத் தூக்கிக்கொள்கிறேன். பார்க்கிறவன் பார்க்கட்டும்.

படகில் நான் வர வேண்டாம் என்று தோன்றினால், தயங்காமல் சொல். உன்னை ஏற்றிவிட்டுக் கரையில் நிற்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் தம்பி