துருவுக்கு மாதுளம்பழம்

மார்ச் 4, செவ்வாய்

பெயின்ட் பூசிய இரும்புத் தகடுகளை உப்புத் தண்ணீர் தெளிக்கும் பெட்டிக்குள் வைத்து, எப்போது துருப்பிடிக்கும் என்று காத்திருப்பதுதான் என் உத்தியோகம். ஊரெல்லாம் துருவைக் கண்டு முகம் சுளிக்கும், நாங்கள் மட்டும் "வந்துருச்சா?" என்று ஆசையோடு எட்டிப் பார்ப்போம். அந்த வேலையையும் இன்று பாதியில் விட்டுவிட்டு வந்தேன். தூரமான முதல் நாள். அடிவயிற்றில் ஈரத் துணியைப் பிழிவது போல வலி.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற ஒன்று வெளியே சினைப்பையில் வளர்ந்திருக்கிறதாம். மாதாமாதம் அதுவும் கசிந்து, போக வழியில்லாமல் கட்டியாகிவிட்டது. "தேங்கின ரத்தத்துல இருக்கிற இரும்பு சும்மா இருக்காதும்மா. சுத்தி இருக்கிறதை எல்லாம் அரிக்க ஆரம்பிச்சிரும். ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு சொல்லுவோம். கருமுட்டையையும் அது பாதிக்கலாம்."

அதாவது துரு. இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் வேடிக்கை பார்த்த ஆசாமி, எனக்குள்ளேயே குடிவந்துவிட்டார்.

கட்டியை எடுத்தால் வலி குறைய வாய்ப்பு அதிகம் என்றார். "அதுக்கு முன்னாடி, குழந்தை விஷயத்துக்காக சாருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துரலாம்." சார், அதாவது என் வீட்டுக்காரர், அப்போது சுவரில் மாட்டியிருந்த கருப்பைப் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 5, புதன்

வீட்டில் மாநாடு. மாமியார் தலைமை, நாத்தனார் போனில் பங்கேற்பு. தீர்மானம்: கத்தி வேண்டாம், மாதுளம்பழம் போதும். நாத்தனார் ஒரு வீடியோ முழுதாகப் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்? "ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குல்ல அண்ணி, அது உள்ள போய்ப் பளபளன்னு தேய்ச்சு விட்டுரும்."

பாத்திரம் விளக்கும் பவுடர் போலிருக்கிறது.

பேச்செல்லாம் குழந்தையைப் பற்றி. என் வலி மாநாட்டுக்கு அழைக்கப்படவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மாதுளை, மதியம் பீட்ரூட், மாலையில் பச்சைத் தேநீர். பல்லெல்லாம் சிவப்பு. கண்ணாடியில் பார்த்து நானே பயந்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

அவருடைய டெஸ்ட் மறுபடி தள்ளிப்போயிற்று. போன வாரம் ஆபீஸில் ஆடிட். இந்த வாரம் ஜலதோஷம். ஜலதோஷத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே உடம்புதானே" என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தேன். மாமியார் கதவுக்கு வெளியே நின்று ஆறுதல் சொன்னார். "எங்க காலத்துல இதுக்கெல்லாம் யாரு படுத்தா? ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாப் போயிரும்."

குழந்தை வந்தால் நோய் போகும். நோய் இருப்பதால் குழந்தை வரவில்லை. அத்தை, இதில் நான் எந்தப் பக்கமாக உள்ளே நுழைவது?

முடியல. எனக்கும் குழந்தை வேணும்தான், யாரு வேணாம்னா? ஆனா நான் முதல்ல நிமிர்ந்து நிக்கணுமே — வலிக்குதான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? ஒரே ஒரு தடவை?

ஏப்ரல் 3, வியாழன்

நான் செய்த அசட்டுத்தனம் ஒன்று இன்று அகப்பட்டது. புதுப் பெயின்ட் பூசிய தகட்டைப் பெட்டிக்குள் வைக்கும்போது, குணம் தெரிந்த பழைய தகடு ஒன்றையும் பக்கத்தில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் கோளாறு பெயின்டிலா பெட்டியிலா என்று சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். செவ்வாய்க்கிழமை வலியில் அதை மறந்திருக்கிறேன்.

மேலாளர் தகட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டார். "ஒத்தைத் தகடா? இது சோதனை இல்லம்மா, தண்டனை."

கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டு உப்புப் பெட்டிக்குள் ஒரே ஒரு தகடுதானே இருக்கிறது! இன்னொன்று சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறது.

சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டுச் சொன்னேன். "ஆபரேஷனுக்கு நான் தேதி வாங்கிட்டேன். நாளைக்கு நீங்க டெஸ்ட்டுக்கு வர்றீங்க." அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

போனார். கையில் ஒரு சின்னக் குப்பி, முகத்தில் தூக்குமேடை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு, அசைவும் மந்தம். "இதுலயும் அதே ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பங்கு இருக்கலாம். முதல்ல சிகரெட்டை விடுங்க சார்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் மகனுக்கு விசிறாத குறை. "பாவம், ஆபீஸ்ல அவ்வளவு வேலை. புள்ள களைச்சுப் போயிருக்கான்."

துரு எனக்கு வந்தால் நோய். அவருக்கு வந்தால் களைப்பு.

ஏப்ரல் 24, வியாழன்

எடுத்தாயிற்று. உள்ளே இருந்ததைப் படத்தில் காட்டினார்கள். கரும்பழுப்பு. எங்கள் சோதனைக்கூடத்தில் இந்தத் தகட்டைத் தேறவில்லை என்று எழுதியிருப்பேன்.

மே 28, புதன்

ஆபரேஷனுக்குப் பிறகு இது இரண்டாவது தடவை. காலையிலிருந்து வேலையில் இருந்தேன். மதியம் டப்பாவைத் திறக்கும்போதுதான் இன்று முதல் நாள் என்பதே நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் மற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறதா?

குழந்தை? தெரியாது. டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. கட்டி திரும்பவும் வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால், அவர் சமையலறையில் மாதுளை உரித்துக்கொண்டிருந்தார், தனக்குத்தான். சட்டையெல்லாம் சிவப்பு, பல்லும் சிவப்பு. நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

முதல் தடவையாகக் கேட்கிறார் மனுஷன். வலிக்காத நாளாகப் பார்த்து.