இடது பின்சக்கரம்

முரசுமோட்டை,
புதன்கிழமை மாலை.

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளில் இருந்து பதினாறு வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டு வருகிறேன். கடிதம் என்றவுடன் "பேரன்புமிக்க" என்று தொடங்கினால், இவள் வேறு யாருக்கோ எழுதியதை உறை மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைப்பீர்கள். உறைமேல் உங்கள் பெயரை அஜந்தன்தான் எழுதித் தரப்போகிறான். தமக்கை நேசமலரின் வீட்டுக்கு வந்து நின்றவன் வெள்ளிக்கிழமை இந்தக் கடிதத்தோடு லண்டனுக்குத் திரும்புகிறான். நேசமலர் இடையில் பிரித்துப் பார்க்காமல் இருக்க நாலு பக்கமும் பசை பூசியிருக்கிறேன். அப்படியும் பார்த்தால், நேசமலர், உன்னுடைய மருமகளின் கதை எதுவும் இதில் இல்லை. மடித்துத் திரும்ப ஒட்டிவிடு.

நானும் மகளும் உங்கள் அம்மாவும் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. பதினொரு நாளாக நீங்கள் போன் எடுக்கவில்லை. "வேலை. பிறகு எடுக்கிறன்" என்று மூன்று சொல் மட்டும் வந்தது. அந்த மூன்று சொல்லையும் இழுத்து நீட்டி, நீங்கள் சளி பிடித்து மாறியது, கூட வேலை செய்கிறவர் புட்டு அவித்துத் தந்தது எல்லாம் சேர்த்து மாமிக்கு ஒரு மணித்தியாலம் வாசித்துக் காட்டினேன். மாமி நம்பிவிட்டா. புட்டுக்கு என்ன கறி என்று மட்டும் கேட்டா.

ஊர்ப் புதினம் என்றால், சிறுபோகத்துக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் இல்லை. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இந்தமுறை எல்லாருக்கும் காணாதாம். வாய்க்கால் தொங்கலில், கடைசியாகக் கிடக்கிற காணிகளுக்கு வந்து சேர்வதற்குள் பாதி மண்ணுக்குள் போய்விடுகிறதாம். அதனால் தொங்கல்காரர் இந்தப் போகம் விதைக்காமல் விட்டால் மற்றவர்களின் வயல் தப்பும் என்று தலைவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். கை உயர்த்தச் சொன்னார்கள். வாய்க்கால் வாயில் காணி வைத்திருக்கிறவர்கள் முழுப்பேரும் உயர்த்தினார்கள். நான் எழும்பி, தொங்கல் என்று ஒன்று இல்லாவிட்டால் உங்களை ஆர் தலைப்பு என்று சொல்லுவினம் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உயர்த்திய கையை ஒருவரும் இறக்கவில்லை. பகிடி விடத் தெரிந்தவளுக்கு வருகிற நட்டம் இதுதான்.

அந்தக் கோபத்தோடுதான், நீங்கள் போன் எடுக்காமல் விட்ட அந்த ஞாயிறு பின்னேரம் செல்வநாயகம் அண்ணையின் கடைக்கு, ரீவியில் கார் ஓட்டம் பார்க்கப் போனேன். நீங்கள் அந்தப் பச்சைக் கார்க்காரரிடம் சேர்ந்த நாலு வருடத்தில், ஊரில் கார் ஓட்டம் பார்க்கிற ஆட்கள் பெருகிவிட்டார்கள். லொறியில் ரயர் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த உங்களை, ஆள் போதாமல் இந்த வருடம் ஓட்டத்துக்கு நடுவில் சக்கரம் மாற்றவும் விட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து, கடையில் கதிரை காணாது. உலகத்திலேயே பெரிய கார் ஓட்டம். அதில் உலகத்திலேயே பிந்தி வருகிற கார். பிந்தி வந்தாலும் எங்கள் கார்.

முதல் ஓட்டத்தில் நான் பட்ட வெட்கம் உங்களுக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். ரீவியில் பார்த்தால் எங்கள் பச்சைக் கார் முன்னுக்குப் போகிறது, அதற்குப் பின்னால் முதலாமிடத்தில் ஓடுகிற சிவப்புக் கார் துரத்திக்கொண்டு வருகிறது. நான் கதிரையில் ஏறி நின்று, எங்கடை கார் முந்தீட்டுது என்று கத்தினேன். மாமி அழுதா. பக்கத்து வீட்டுக் கோகுலன், கடை வாசலில் சீனவெடி கொளுத்தினான். ஒருவர் பிள்ளையார் கோயிலுக்கு ஓடி இருபத்தொரு தேங்காய் உடைத்துவிட்டார். பிறகுதான் செல்வநாயகம் அண்ணை விளங்கப்படுத்தினார்: எங்கள் கார் முந்தவில்லை, சிவப்புக் கார் ஒரு முழுச் சுற்றுக் கூடுதலாக ஓடி முடித்து, எங்களைப் பின்னால் வந்து பிடித்திருக்கிறது. நீலக் கொடி காட்டினால் ஒதுங்கி வழிவிட வேண்டுமாம். உடைத்த தேங்காயைத் திரும்ப ஒட்டவா முடியும்? மூன்று நாள் முழு ஊரும் தேங்காய்ச் சம்பல் சாப்பிட்டது.

செல்வநாயகம் அண்ணை முப்பது வருடம் பஸ் ஓடிய மனிசன். அவருக்கு எங்கள் காரைப் பார்க்கவே பிடிக்காது. "தங்கச்சி, றூட்டிலை ஓடேலாத பஸ்ஸை டிப்போவுக்கை விடோணும். பின்னுக்கு வாறவனுக்கும் உயிர் இருக்குத்தானே" என்பார். "நீங்கள் ஓடின முல்லைத்தீவு பஸ்ஸை அப்பிடி விட்டிருந்தா நாங்கள் எல்லாரும் நடந்தெல்லோ போயிருப்பம் அண்ணை" என்பேன் நான். எங்கள் சண்டைக்காகவே சிலர் வந்து பிளேன்ரீ குடிக்கிறார்கள்.

அந்த ஞாயிறு அப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் கார் சக்கரம் மாற்ற உள்ளே வந்தது. நீங்கள் சொல்லித் தந்ததால் எனக்குத் தெரியும்: ஒரு சக்கரத்துக்கு மூன்று பேர், பழையதை இழுக்க ஒருவர், புதியதைச் செருக ஒருவர், நட்டை இறுக்க ஒருவர். இறுக்கியவர் கையை உயர்த்தினால்தான் காரை விடலாம். எல்லாரும் தலைக்கவசம் போட்டு ஒரே பச்சை உடுப்பில் நிற்பார்கள். ஆர் எவர் என்று ஒருவருக்கும் தெரியாது. இடது பின்சக்கரத்தில் நட்டு இறுக்கிய ஆள் வலது முழங்காலைக் குத்தாமல், இடது காலை மட்டும் மடித்து இருந்தார். போர்க்காலத்துச் செல் துண்டு கிடக்கிற வலது காலை ஊன்றி இருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கை உயர்ந்தது. உயர்ந்த கை உடனேயே திரும்பவும் இறங்கி, நில் நில் என்பதுபோல் ஆடியது. கார் போய்விட்டது. நீங்கள் தொடையில் கையை ஊன்றி எழும்பினீர்கள்.

முதல் வளைவில் அந்தச் சக்கரம் கழன்று உருண்டதையும், பின்னால் வந்த சிவப்புக் காரின் மூக்கை உடைத்ததையும், அதை ஓடிய பெடியன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கியதையும் நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இப்போதும் கண்ணை மூடினால் காட்டுகிறார்கள்.

கடையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மாமி, "என்ரை பிள்ளை அந்தச் சக்கரத்திலை நிக்கேல்லைத்தானே?" என்று கேட்டா. இல்லை மாமி, அவர் முன்சக்கரம் என்று சொன்னேன். கேட்கிற ஆட்கள் எல்லாருக்கும் இன்றுவரை முன்சக்கரம் என்றுதான் சொல்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். கதை மாறினால் எனக்குத்தான் கேடு.

அந்தப் பெடியனுக்குக் கை எலும்பு முறிவு, வேறு ஆபத்து இல்லை என்று பிறகு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை அவன் பெயரில் அர்ச்சனை செய்யப் போனேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். வெள்ளைக்காரப் பெடியனின் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவது? உங்கள் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன். இந்தக் கிழமை உங்கள் மணிக்கட்டு காரணமில்லாமல் சுகமாக இருந்தால் குழம்பாதீர்கள்.

பெரிய கார்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, ஒரு சுற்றில் நாலு செக்கனுக்கு மேல் பிந்துகிற காரை இனி ஓட விடக்கூடாது என்று கேட்கிறார்களாம், அடுத்த மாதம் வாக்கெடுப்பாம் என்று செல்வநாயகம் அண்ணை போனில் பார்த்துச் சொன்னார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. சக்கரம் கழன்றதுக்கும் பிந்தி ஓடுறதுக்கும் என்ன தொடுசல், வேகமாய் ஓடுற காரின்ரை சக்கரம் ஒருநாளும் கழண்டதில்லையோ என்று கேட்டேன். அவர் அந்தமுறை பகிடிவிடவில்லை. "தங்கச்சி, வசதியான ஆக்களிட்டை சக்கரம் மாத்திறதுக்கெண்டே ஆள் இருக்கு. இவங்களிட்டை இரவிரவாய் லொறி ஓடினவன்தான் விடிய நட்டும் இறுக்கிறான். பிழை அவனிலை இல்லை. ஆனா அடிபடுறது ஆர்?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் முதல்நாள் இரவு எவ்வளவு நேரம் நித்திரை கொண்டீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பிந்தி வருகிறவனும் களத்தில் நிற்க வேண்டும் என்று நான் கதிரையில் ஏறி நின்று கத்தலாம். நிற்கிறவன் களைத்துப்போய் நிற்கிறான், அவன் களைப்புக்கு வேறொருவனின் மணிக்கட்டு உடைகிறது என்றால் என்ன சொல்வது? கூட்டத்தில் தலைவரும் இதே நிதானத்தோடுதான் கதைத்தார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. பிழை இல்லாமலே எங்கள் வயல் காய்கிறது.

இன்னுமொன்று. இதை எழுதுவதா விடுவதா என்று அடுப்பில் பால் பொங்கி ஊற்றும்வரை யோசித்தேன். உங்கள் விசா அந்தப் பச்சைக் கார்க் கொம்பனியின் பெயரில் இருக்கிறது. கார் இல்லாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால்... அண்ணையோடு அவ்வளவு சண்டை பிடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது, அந்த மனிசன் சொல்கிறதே நடக்கட்டும், எங்கள் காரை நிற்பாட்டட்டும் என்று எனக்கொரு நினைப்பு வந்தது. படலை திறக்கும்வரை அந்த நினைப்போடு சந்தோசமாக நடந்தேன். பிறகு என்னை நானே ஏசினேன். நாலு வருடம் நீங்கள் ரயர் சுமந்து ஏறிய இடத்தில் இருந்து உங்களை விழுத்தச் சொல்லி உங்கள் மனிசியே கை உயர்த்துகிறாள். எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் பிள்ளையாருக்கு முன்னால் சும்மா நின்றுவிட்டு வருகிறேன்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேற்று வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவள் நிமிராமலே, "அம்மா, அந்தச் சக்கரத்திலை நிண்டவர் தொடையிலை கை வைச்செல்லோ எழும்பினவர், என்ன?" என்று கேட்டாள். எல்லாரும் அப்பிடித்தான் எழும்புவினம் என்றேன். "ஓம்" என்றாள். பிறகு ஒரு கணக்கை முடித்துவிட்டு, "அப்பா உடன கையைப் பதிச்சவர்தானே. காரை விட்டவைதான் பாக்கேல்லை" என்றாள். நான் அவளின் பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினேன். அது முதலே கூராகத்தான் இருந்தது.

ஆகவே வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் உங்களைக் கேள்வி கேட்கமாட்டோம். கையை நீங்கள் உடனேயே பதித்து இறக்கியதை நாங்கள் கண்டோம்.

நீங்கள் வர வேண்டும் என்றோ நிற்க வேண்டும் என்றோ நான் எழுதவில்லை. வாக்கெடுப்பு என்னிடம் இல்லை. இருந்தாலும் எந்தக் கையை உயர்த்துவேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றுதான் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் மாமி ஐந்து மணிக்குக் கோயில் பசனைக்குப் போனால் ஆறரைக்குத்தான் வருவா. அந்த நேரம் போன் ஸ்பீக்கரில் இருக்காது, சுற்றிவர ஆட்களும் இருக்கமாட்டார்கள். எடுங்கோ. எடுத்து ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒன்றரை மணித்தியாலம் தனியாகக் கதைக்கிறது எனக்கு ஒரு வேலையா? நேசமலரின் மருமகள் கதையே முக்கால் மணித்தியாலத்துக்கு வரும். நீங்கள் போனை வைக்காமல் காதில் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

பிள்ளையார் உங்களை நித்திரை கொள்ளவைக்கட்டும்.

இங்ஙனம்,
திருமதி யோகநாதன் விமலேஸ்வரி