முதல் வரியில் உன் பெயர்

இன்று மதியம் கம்ப்யூட்டர் உன் பெயரைச் சொல்லி, அப்படி ஓர் இடமே இல்லை என்றது. மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய சிடி கிடைத்தது. மேலே உன் கோணல் எழுத்தில், 'டெஸ்ட் ஸ்கிரிப்ட் எல்லாம். தொலைச்சே, கொன்னுடுவேன்.' ஏழு வருஷமாகத் தொலைக்கவில்லை, பார்த்துக்கொள். போட்டு ஒன்றை ஓட்டினேன். உன் பெயரிலிருந்த ஃபோல்டரைக் காணோம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

அந்தப் பெயர் அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தது என்று இப்போது யாருக்குத் தெரியும்? நீ உள்ளூர், காக்ஸ் டவுன்காரி. நான் ஆம்பூரிலிருந்து வந்து பேயிங் கெஸ்ட்டாகத் தங்கியவள். ஒரே டெஸ்டிங் டீம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நாம் எழுதும் ஸ்கிரிப்டை மெஷின் நேராகப் புரிந்துகொள்ளாது; படித்து நடத்திக் காட்ட இன்டர்பிரட்டர் என்று ஒன்று வேண்டும். க்ளையன்ட்டிடம் இருந்தது அதன் புது வெர்ஷன். நம் சர்வரில் அரதப் பழசு. நம்மிடம் ஜம்மென்று பாஸ் ஆனது அங்கே போய்ப் பல்லிளிக்கும், திட்டு நமக்கு விழும். புதுசைப் போடச் சொல்லி சிஸ்டம் அட்மின் மஞ்சுநாத்திடம் எத்தனை நடை! 'ஏனு மாடக்காகல்ல மேடம்' என்று கன்னடத்தில் கையை விரிப்பார். இன்னொரு டீமுக்குப் பழசுதான் வேண்டுமாம், ஒன்றும் செய்ய முடியாதாம்.

நீ விடுகிற ஆளா? "என் வீட்டுக்குள்ள நான் என்ன வேணா வெச்சுப்பேன், இவரு யாரு கேக்கறதுக்கு?" என்றாய். சர்வரில் உனக்கென்று ஒதுக்கியிருந்த ஃபோல்டருக்குள் புது இன்டர்பிரட்டரை நீயே கொண்டுவந்து கட்டி நிறுத்தினாய். எந்த இன்டர்பிரட்டர் படிக்க வேண்டும் என்று சொல்வது ஸ்கிரிப்டின் முதல் வரிதான். அந்த வரியில் உன் ஃபோல்டரின் முகவரியை எழுதினாய். உன்னைப் பார்த்து நாங்களும் அதையே காப்பியடித்தோம். அப்புறம் டீமில் யார் எதை எழுதினாலும் முதல் வரியில் உன் பெயர்தான்.

ஒரு நாள் பேக்கரி வாசலில் நின்றிருந்தோம். ஒன் பை டூ காபி, ஆளுக்குப் பாதியாக ஒரு கார பன். "இது சரியில்லடி. எல்லாத்துலயும் என் வீட்டு அட்ரஸ் இருக்கு. நாளைக்கு நான் இங்க இல்லன்னா மொத்தமும் படுத்துடும். ஒரு நாள் உக்காந்து மாத்திடலாமா?" என்றாய்.

"சும்மா இருடி. நீ எங்க போகப் போற?" என்று சொல்லிவிட்டு, பெரிய பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட. அடுத்த மாதமே உனக்குக் காய்ச்சல். வெறும் காய்ச்சல்தானே என்றிருந்தோம். ஐந்தாம் நாள் ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உன் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வெந்நீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் ஆனது அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் அந்தப் பிளாஸ்க்குக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஒரு டெஸ்ட்டும் ஓடவில்லை. ஸ்கிரிப்ட் கண் முன்னால் இருக்கிறது, மெஷின் இல்லை இல்லை என்கிறது. ஆள் போய் முப்பது நாள் ஆனால் ஃபோல்டரை அழித்துவிட வேண்டும் என்பது ரூல்ஸாம். கெஞ்சிக் கூத்தாடியதில், பேக்கப்பிலிருந்து எடுத்து வெள்ளிக்கிழமை வரைக்கும் திறந்து வைத்தார் மஞ்சுநாத். உன் இன்டர்பிரட்டரை அப்படியே என் ஃபோல்டருக்குத் தூக்கி வந்து பார்த்தேன். என்னிடம் வந்த பிறகும் தனக்கு வேண்டியதையெல்லாம் உன் ஃபோல்டரில்தான் போய்த் தேடியது. கட்டும்போதே உன் முகவரி அதற்குள் பதிந்துவிட்டதாம். "அவ அங்க இல்ல, எத்தன தடவ சொல்றது?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். டீமே திரும்பிப் பார்த்தது.

கடைசியில் புது வெர்ஷனைப் பழசுக்குப் பக்கத்தில் பொது இடத்திலேயே போட்டுக் கொடுத்தார்கள். நீ இருந்தபோது எத்தனையோ நடை நடந்தும் கிடைக்காத அனுமதி, நீ போனதும் அரை மணியில் கிடைத்தது. நன்றாக இருக்கட்டும்!

எல்லா ஸ்கிரிப்டிலும் முதல் வரியை மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். அடித்து வைத்துவிட்டேன். என்ட்டர் தட்டக் கை வரவில்லை. வியாழக்கிழமை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெள்ளி மதியம் மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "அவங்க பேர எடுத்தாச்சாம்மா?" தட்டினேன். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. எல்லா டெஸ்ட்டும் பாஸ். கை தட்டினார்கள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது எனக்குக் கீழே ஒரு டீம் இருக்கிறது. யார் எதைக் கொண்டுவந்தாலும் முதல் வரியைத்தான் முதலில் பார்க்கிறேன். "நாளைக்கு நீ வரலன்னா இது ஓடுமா?" என்று கேட்கிறேன். சிடுமூஞ்சி என்கிறார்களாம். சொல்லிக்கொள்ளட்டும். 'நீ எங்க போகப் போற' என்று மட்டும் அதற்கப்புறம் யாரிடமும், விளையாட்டுக்குக்கூட, நான் சொன்னதில்லை.

இந்த மாதிரி சிடியில் ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான், நானே நினைத்தாலும் திருத்த முடியாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் முதல் வரியில் நீ அப்படியே இருக்கிறாய். ஓடாது என்று தெரிந்தேதான் இன்னொன்றையும் ஓட்டினேன். மறுபடியும் உன் பெயரைச் சொல்லி, இல்லை என்றது.

தெரியும்டி. ஆபீஸில் உன் பெயரைச் சொல்ல இப்போது வேறு யாரும் இல்லை.