சோதனை நாளுக்கு மட்டும் சரியான எடை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு அதுதான் முதல். இங்கே நாங்களும் நலம் என்று எழுதினால் அது பொய், உங்கப்பா சொல்கிற பொய்யே இந்த வீட்டுக்குப் போதும், நானும் சேர்ந்து சொல்ல வேண்டாம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், ஒரு போன் போட்டால் ஆகாதா என்று நினைப்பாய். போன் எங்கே இருக்கிறது? வீட்டில் நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே வந்தாலோ என் போனையும் பறிமுதல் செய்து தன் தலைமாட்டில் வைத்துக்கொண்ட பிறகுதான் ஊசி குத்தக் கையையே நீட்டுகிறார். இங்கே என்றால் மருத்துவமனையில். டயாலிசிஸ் செய்கிற மாடிக்குக் கீழே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். மேலே படுத்திருப்பது உங்கப்பா. பதறாதே, பதறுகிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது, முழுவதும் படி.

மழைக்கு முன்பே ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லாமல், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார், கேட்டால் 'இங்கதான் காத்து வருது' என்றார். கால் வீங்கிச் செருப்பு வார் மாட்டவில்லை, அதற்கும் செருப்புக்கடைக்காரன்தான் குற்றவாளி, 'தோல் சுருங்கிடுச்சு, ஏமாத்திட்டான்' என்று அவனிடம் சண்டைக்குப் போய்விட்டு வந்தார். கடைசியில் ஒரு காலை குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வராமல், கண் மட்டும் பிதுங்கி நின்றாரே, அப்போதுதான் உன் சித்தியும் நானுமாகக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தோம். சிறுநீரக டாக்டர் ஒரு ஒல்லியான பெண், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர். 'சர்க்கரை ரெண்டு சிறுநீரகத்தையும் அரிச்சிடுச்சும்மா, வெளிய போக வேண்டிய உப்பும் தண்ணியும் உடம்புலயே தங்கி, அதைத் தள்ளித் தள்ளி இதயமும் ஓஞ்சு போச்சு' என்றார். அதோடு விட்டாரா, 'இது நேத்து வந்ததில்ல, வருஷக்கணக்கா வந்திருக்கு, வீட்ல யாருமே பாக்கலையா' என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல ஒரு கேள்வி கேட்டார். நான் என்ன சொல்ல? எங்கள் வீட்டில் பார்க்கத் தெரிந்தவள் கடல் தாண்டி இருக்கிறாள், அவள் எலிகளுக்குப் பார்க்கிறாள் என்றா சொல்வது?

உனக்குக் கோபம் வரும், வரட்டும். நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய், சிறுநீரகம் டீ வடிகட்டி மாதிரி, சர்க்கரை ஏறிய ரத்தம் ஓடி ஓடி அதன் கண் பெரிதாகிவிடும், உடம்பில் தங்க வேண்டிய சத்தெல்லாம் ஒழுகும், சிறுநீரில் நுரை வரும், அப்புறம் ரத்தக்கொதிப்பு ஏறும், இதயச் சுவர் தடித்துப்போகும் என்று. இந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் உன் ஆராய்ச்சி என்றாய். எலிகளுக்கு நீங்களே சர்க்கரை நோயை வரவழைத்து, அவை ஒன்றுக்குப் போவதைத் தினமும் பிடித்துச் சோதித்து, நெஞ்சுக்கு ஸ்கேன்கூட எடுக்கிறீர்கள் என்று நீ சொன்னபோது, இத்தனூண்டு நெஞ்சுக்கா என்று நான் சிரித்தேன். இங்கே உங்கப்பா கழிப்பறையில் நுரை தெரியக் கூடாதென்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மனுஷன் எலியாகப் பிறந்திருந்தால் நேரத்தோடு யாராவது பார்த்திருப்பார்கள்.

அவர் செய்த வேலை என்ன தெரியுமா? வாழ்நாளெல்லாம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர், கடைவீதியில் 'எடைக்கல்லு வருது' என்று அவர் பட்டப்பெயரைச் சொன்னாலே தராசுகள் தானாக நடுங்கும் என்று உன் சித்தி கிண்டல் செய்வாளே. சோதனை வருகிறது என்று தெரிந்தால் வியாபாரி முத்திரை குத்திய நல்ல கல்லை மேலே வைத்துவிட்டு, அடியில் குடைந்த கல்லைச் சாக்குக்குள் ஒளித்துவிடுவான், அதனால் இவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டு போனதில்லை. 'சொல்லிட்டுப் போனா அது சோதனை இல்லடி, விருந்து' என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் உடம்பில் அதே திருட்டைச் செய்திருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு நீ கூப்பிடுவாய், சர்க்கரை நம்பர் கேட்பாய் என்பது அவருக்கு மனப்பாடம். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே அரைப்பட்டினி, காலையும் மாலையும் நடை, மாத்திரை நேரம் தவறாது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் வாசல் தாண்டியதும் பிஸ்கட் டப்பா திறக்கும், மிச்ச நாளெல்லாம் திருவிழாதான், மாத்திரையும் கிடையாது. யாரை ஏமாற்றுகிறீர்கள் என்று நான் கத்தாத நாளில்லை, 'நம்பர் சரியா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு' என்பார். நீயும் அதைத்தானே கேட்டாய், 'அப்பா, நம்பர் என்ன' என்று. மூன்று மாதச் சராசரி பார்த்தீர்களா, சிறுநீரில் புரதம் பார்த்தீர்களா என்று நீ கேட்டபோதெல்லாம் 'எல்லாம் பாத்தாச்சும்மா, முத்திரை குத்தியாச்சு' என்றார், நீ 'சூப்பர்ப்பா' என்று வைத்துவிட்டாய். உன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒருவன் வாயால் சொன்னால் நம்புவாயா? எலி சொன்னால்கூட நம்பமாட்டாய்.

போன வருஷம் வந்தாயே, அப்போதாவது பார்த்தாயா? உன் டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே இங்கே ஏற்பாடு நடந்தது. தரை சில்லென்று இருக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், நீ 'அப்பா துரை மாதிரி இருக்கீங்க' என்று சிரித்து, போகும்போது இன்னும் இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாய். அதைக் கழற்றும்போது காலில் பள்ளம் விழுந்திருக்கும், விரலை வைத்தால் முதல் கணு புதையும். அதை உன்னிடம் சொல்லலாம் என்று நான் சமையலறைக்குக் கூப்பிட்டபோது, ஏதோ மீட்டிங் என்று கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டாய். போகட்டும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மருத்துவமனையில் கேட்டேன். பூங்காவில் இவரோடு நடக்கிற கணக்கர் ஒருவர் எப்போதோ, பெண் சர்க்கரைக்கு ஆராய்ச்சி, அப்பனுக்குச் சர்க்கரை முத்திப்போச்சா என்று விளையாட்டாகக் கேட்டாராம். 'அப்பனையே காப்பாத்த முடியலன்னா அவ ஆராய்ச்சிய எவன் மதிப்பான்' என்று இவர் என்னிடம் திருப்பிக் கேட்டார். உன் பெயர் கெடக் கூடாதென்று உடம்பைக் கெடுத்துக்கொண்ட புத்திசாலி. டயாலிசிஸுக்கு ஒத்துக்கொண்டதே ஒரு நிபந்தனையின் பேரில்தான், உனக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிடுவாராம். நானும் தலையாட்டினேன். இப்போது அந்த வாக்கை மீறித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் இன்னும் திருந்தவில்லை.

இங்கே டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். போன தடவையைவிட எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் தண்ணீர், அதைத்தான் மெஷின் எடுக்கும். முதல் நாள் இவர் ஏறுவதற்கு முன் குனிந்து அந்த மெஷினுக்கு முத்திரை இருக்கிறதா என்று தேடினார், இல்லை என்றதும் 'செல்லாத தராசுல நான் ஏற மாட்டேன்' என்று ஒரே ரகளை, வரிசையில் இருந்த நோயாளிகள்கூடச் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், இன்னும் அவருக்குள் அவர் இருக்கிறார் என்று. அப்புறம்தான் தெரிந்தது, அங்கே எடை கூடிப்போனவர்களை நர்ஸ் எல்லார் முன்னாலும் திட்டுகிறாள், 'எவ்ளோ தண்ணி குடிச்சீங்க, உங்க இதயம் தாங்குமா' என்று. தாகம் தாங்காமல் இவர் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார், ஆனால் திட்டு வாங்க மாட்டார். எடை மெஷினில் ஏறும்போது இடது கையைப் பக்கத்துச் சுவரில் லேசாக ஊன்றிக்கொள்கிறார். கடைக்காரன் தட்டுக்கு அடியில் விரலை வைப்பானே, அதே வித்தை. எடை குறைவாகக் காட்டும், தண்ணீர் குறைவாக எடுப்பார்கள், மிச்சம் நெஞ்சில் ஏறும். போன வாரம் டயாலிசிஸ் முடித்து வீட்டுக்கு வந்த மறுநாளே மூச்சுத் திணறி, வாயில் நுரை தள்ளி, மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னொரு தடவை இப்படி ஆனால் இதயம் தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார். சுவர் விஷயத்தை நான்தான் நர்ஸிடம் போட்டுக்கொடுத்தேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. இன்று எடைக்கு ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து, சித்தி அழுது, பாதி நேரம் வீணான பிறகுதான் ஏறினார், நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தடவை வரவே போவதில்லை என்று சித்தியிடம் சொல்லிவிட்டார். நான் சொன்னால் மண்டையில் ஏறாது, சித்தி சொன்னால் ஏறாது, அவருக்குப் பயம் என்று இந்த உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான்.

அதனால் நீ வர வேண்டும். போன் செய்துவிட்டு வராதே. இந்தக் கடிதம் வந்தது என்று காட்டிக்கொள்ளாதே, ஏதோ வேலையாக வந்த மாதிரி வந்து நில். நாள் சொல்லிவிட்டு வந்தால் அவர் முகச்சவரம் செய்து, முழுக்கைச் சட்டை போட்டு, நல்ல கல்லை எடுத்து மேலே வைத்துவிடுவார், உனக்கும் விருந்துதான் கிடைக்கும். வந்து ஆராய்ச்சி பேசாதே, நம்பர் கேட்காதே, அழுது ஆர்ப்பாட்டமும் வேண்டாம், ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் வேண்டாம், நீ கேட்டவிதம் அப்படி என்று நான் ஏதாவது சொல்லிவிடுவேன். இவ்வளவு கசப்பாக எழுதுகிறாளே அம்மா என்று நினைக்காதே, பாகற்காயைச் சர்க்கரையில் போட்டுத்தர எனக்குத் தெரியாது. உன்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, அது இருக்கும், நீ வந்தாலும் உடனே போகாது. அதற்காக நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்துவிடாதே, உனக்கும் அவர் ரத்தம்தான், உன் சர்க்கரையையும் போய்ப் பார், சொல்லிவைக்காத ஒரு நாளில் பார். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இதற்குப் பதில் எழுதாதே, காலுறை வாங்கி வராதே. செவ்வாய், வியாழன், சனி காலையில் நாங்கள் இங்கேதான் இருப்போம், படியேறி வலது பக்கம் எடை மெஷின். நீ வரும்போது அவர் அதில் ஏறிக்கொண்டிருந்தால் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்காதே, அவர் இடது கை எங்கே இருக்கிறது என்று பார். சுவரில் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து உன் கையில் வைத்துக்கொள்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா