தையல்கடை மாடிக்கு மூப்பர் யார்

கர்த்தருக்குள் அன்பான மூத்த மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் தங்கையின் மூத்தவள் நர்சிங் படிப்பில் கல்லூரியிலேயே இரண்டாவதாகத் தேறிவிட்டாள். முதலாவதாக வந்தவள் டாக்டர் மகள், அதனால் நம் பிள்ளைதான் முதல் என்று வைத்துக்கொள். அடுத்தவன் நீளம் தாண்டுவதில் கோப்பை வாங்கினான். அதைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளாவது வீட்டுக்குத் தாருங்கள் என்று நானே போய்த் தலைமையாசிரியரைக் கேட்டேன். கடைக்குட்டி வசனப் போட்டியில் நாற்பது வசனம் தட்டாமல் சொன்னாள். உன் மகள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதைப் பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. என் பேரப்பிள்ளைகளில் ஒன்றும் சோடை போகவில்லை.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

எல்லா ஊர்ச் சபைகளுக்கும் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய சுற்றறிக்கை வந்தது. ஒரு பட்டணத்துக்கு ஒரே சபை, அதற்கு நாலு மூப்பர், ஊரில் உள்ள ஆறு கூடுகைகளும் அவர்களுக்குக் கீழே. நாலு பேரும் பெரிய மண்டபத்துக் கூடுகை ஆட்கள். நம் கூடுகைக்குப் பதினொரு வருஷம் மூப்பராக இருந்த உன் தங்கை புருஷன், வெல்டிங் பட்டறைக்காரர், இனி ஒன்றும் இல்லை. இதை நீ அவருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். நாம் கூடுகிற தையல்கடை மாடியில் எல்லாருக்கும் முன்னால் அவரையே எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அவரை மூப்பராக்கின அன்று நீயும் இருந்தாய். நம் கூடுகையில் கை தூக்க மாட்டோம், சீட்டு எழுத மாட்டோம். மூன்று நாள் ஜெபித்துவிட்டு, கஷ்டத்தில் உன் வீட்டு வாசலுக்கு வந்தவர் யார் என்று ஒவ்வொருவரையும் கேட்போம். முப்பத்தேழு பேரில் இருபத்தொன்பது பேர் அவரைச் சொன்னார்கள். அப்போது அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தையல்காரர்கூட, அந்தாளு மூஞ்சியே எனக்குப் பிடிக்காது, ஆனா எங்கப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப வந்தது அவருதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீதான் பெரிதாகச் சிரித்தாய்.

போன ஞாயிறு அந்த நாலு பேரில் ஒருவர், சிமெண்ட் ஏஜெண்ட், ஆராதனையில் அப்பம் பிட்டுக் கொடுக்க வந்தார். கையில் ஒரு பட்டியல். வியாதியஸ்தருக்காக ஜெபித்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்று மன்றாடினார். அவரை அடக்கம் பண்ணி ஏழு வாரம் ஆகிறது. அவர் பெண்சாதி முன் வரிசையில் இருந்தாள். ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. நான்தான் எழுந்து, தம்பி, அவர் போய்ச் சேர்ந்துட்டார், குழியில மண்ணு போட்டவங்கதான் இங்க உக்காந்திருக்கோம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார். லிஸ்டுல இருக்கேம்மா என்றார்.

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அப்பம் வாங்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து உன் மைத்துனர் எழுந்து அவள் பின்னாலேயே போனார். மறுநாள் ஏஜெண்ட் ஆள் அனுப்பினார். பொறுப்பில் இல்லாதவர் வீடு வீடாக விசாரிக்கப் போகக் கூடாதாம். துக்கப்படுகிறவளைத் தேடிப் போகவும் உன் ஆட்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

பட்டணந்தோறும் மூப்பர் என்று வேதத்தில் இருக்கிறது என்கிறாய். இருக்கிறது. சபைதோறும் என்றும் இருக்கிறது, அந்தப் பக்கத்தை நீ ஏன் புரட்டவில்லை? உன்னைப்போல் மேடையில் பேச எனக்கு வராது. ஆனால் அந்தக் காலத்துப் பட்டணத்தில் விசுவாசிகள் எல்லாரும் ஒரு வீட்டுக் கூடத்தில் அடங்கியிருப்பார்கள். இங்கே பெரிய மண்டபத்துக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கிருந்து பார்த்தால் எங்களில் யார் செத்தார், யார் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்?

வருகிற மாத முதல் ஞாயிறுக்குள், நாலு பேருக்கு அடங்குகிறோம் என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாதவருக்கு அப்பம் கிடையாது. உன் தங்கை போட மாட்டாள். உன் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நானும் போடப் போவதில்லை. என் மகன் இன்னார் என்று நான் பெருமை பேசாத வீடு இந்தத் தெருவில் இல்லை. அவன் சட்டப்படி எனக்கே அப்பம் இல்லை என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்ல?

அந்த ஞாயிறுக்கு முன் உன் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள். எங்கள் மூப்பரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முடியாது என்றால் யாரையும் அனுப்பாதே, நீயே மாடியேறி வா. அப்பத் தட்டு என் முன்னால் வரும்போது, உனக்கு இல்லையம்மா என்று நீயே உன் வாயால் சொல்.

அத்தை கோபத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று மருமகள் உன்னைச் சமாதானப்படுத்துவாள். கோபம்தான், அவளிடம் மறைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்கள் எல்லாரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன்னையும்தான்.

புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. கோட்டு போட்டு மைக் முன்னால் நிற்பது வேண்டாம், அது சுற்றறிக்கையிலேயே அச்சாகி வந்திருக்கிறது. வீட்டில் பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்தது ஒன்று அனுப்பு.

உன் அம்மா