முறை வைத்துப் போட்ட ஊசி

மார்ச் 9

காலையில் மாமனாரைப் புரட்டும்போது இடுப்பில் சிவப்பாக ஒரு தடம். புண் இல்லை, வரப்பார்க்கிறது. சட்டாம்பிள்ளை என்னைத்தான் முறைத்தாள். விரிப்பில் சுருக்கம் விட்டது நானாம். நேற்று விரிப்பு மாற்றியது யார்? அவள்தான். கேட்க முடியுமா? வாயைத் திறந்தால் போதும், ஏழு தலைமுறைக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

சட்டாம்பிள்ளை என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். பெயர் வைத்தது நான். அவளுக்குத் தெரியாது. நேரில் அக்கா, வாங்க, போங்க எல்லாம் உண்டு. இந்த நோட்டில் மட்டும் அவள், இவள். இதிலாவது சமமாக இருந்துவிட்டுப் போகிறேனே.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. ஆள் நல்ல உயரம். ஒருத்தியால் ஆகாது. விரிப்பின் இரண்டு முனையை அவள், இரண்டு முனையை நான். அவள் “ம்” என்பாள், தூக்கிப் புரட்டுவோம். காலை, மதியம், சாயங்காலம். முன் அறையில் ஆர்டருக்குத் திரைச்சீலை தைக்கும்போதும் அதே “ம்” தான். ஒருத்தி மெஷினில் துணியைத் தள்ள, இன்னொருத்தி பின்னால் நின்று இழுக்க வேண்டும். இந்த வீட்டில் எதற்குமே இரண்டு பேர்.

மூன்றாவது ஆள், என் வீட்டுக்காரர், கப்பலில் இருக்கிறார். இன்ஜின் ரூமில். ஊரெல்லாம் பரவுகிற இந்தத் தொற்று வியாதிக்குப் பயந்து எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. போன வருஷமே வந்திருக்க வேண்டியவர்.

வியாழக்கிழமை நர்ஸ் வீட்டுக்கே வந்து மாமனாருக்குத் தடுப்பூசி போடுவாராம்.

மார்ச் 11

நர்ஸ் வந்தார். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டார். ஒரு நொடி, முடிந்தது.

நர்ஸ் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுல இன்னும் ரெண்டு பேருக்கு இருக்கு. திறந்தாச்சு, வச்சிருக்க முடியாது. நீங்க ரெண்டு பேரும் கையை நீட்டுங்க” என்றார்.

நான் ரவிக்கைக் கையை மடித்துவிட ஆரம்பித்துவிட்டேன். சட்டாம்பிள்ளை நகரவில்லை.

“ரெண்டு பேருக்கும் ஒண்ணா வேண்டாம்மா. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகி ரெண்டு பேரும் படுத்துட்டா அப்பாவை யார் புரட்டுறது? இவ போட்டுக்கட்டும். நான் அடுத்த வாரம் வந்து போட்டுக்கறேன்.”

“எல்லாருக்கும் காய்ச்சல் வராதுங்க. வந்தாலும் ஒரு நாள், ரெண்டு நாள்தான்.”

“அந்த ஒரு நாள் அவர் அப்படியே கிடந்தா முதுகு புண்ணாயிடும்.”

நர்ஸ் சரியென்று எனக்குப் போட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. முறை வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. குளிக்க முறை, தூங்க முறை, இப்போது ஊசிக்கும் முறை.

மிச்சமிருந்த ஒன்றை வீணாக்குவானேன் என்று அவளே படியில் நின்று கீழ்வீட்டுக் கடிகாரக்காரரைக் கூப்பிட்டாள். பழுது பார்க்கும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடியே வந்து கையை நீட்டினார். “எறும்பு கடிச்ச அளவுக்குக்கூட இல்லையே” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மார்ச் 12

காய்ச்சல். கையைத் தூக்க முடியவில்லை. எழுத்தும் கோணல்.

மார்ச் 13

உடம்பை அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. பல் கிட்டுகிறது. போர்வைக்கு மேல் போர்வை, அப்புறம் வேர்வை. ஊசி போட்ட இடம் கல் மாதிரி.

சட்டாம்பிள்ளை விரிப்பின் ஒரு பக்கத்தைக் கட்டிலில் கட்டிவிட்டு மறு பக்கத்தை இழுத்துத் தனியாகவே அப்பாவைப் புரட்டிவிட்டாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது கதவு வழியே தெரிந்தது. மாத்திரை கொண்டுவந்தாள், வெந்நீர் கொண்டுவந்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். “அந்தக் கை மேலேயே படுத்தா வலிக்காம என்ன செய்யும், அறிவு வேண்டாமா” என்று திட்டிக்கொண்டேதான். திட்டட்டும். என்னை யாராவது இப்படிப் பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம் இருக்கும்? அம்மா போனதற்கு அப்புறம் இல்லை.

மார்ச் 14

காலையிலேயே காய்ச்சல் விட்டுவிட்டது. உண்மையைச் சொன்னால் எழுந்து வேலை பார்த்திருக்கலாம். எழவில்லை.

இங்கேதானே எழுதுகிறேன், யாருக்கு என்ன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் பகலில் படுத்ததில்லை. ஒரு நாள் படுத்தால் என்ன குடி முழுகிப்போகும்? முனகினேன். நன்றாகவே முனகினேன். அவள் சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ருசியாக இருந்தது, அதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தேன்.

அதற்கு முன்னால், அவள் சூப்புக்குக் கறிகாய் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது மாமனார் தண்ணீருக்குக் கை காட்டினார். எழுந்து போய்க் கொடுத்தேன், வாயைத் துடைத்துவிட்டேன், படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து போர்வைக்குள். எனக்கே சிரிப்பு. வந்தவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “இன்னும் சுடுதே” என்றாள். இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்து மரத்த கை, அதற்கென்ன தெரியும்.

மார்ச் 19

இன்று அவள் முறை. போகவில்லை. ஒரு கலையரங்கத்துக்கு மேடைத் திரை ஆர்டர் வந்திருக்கிறது, வெல்வெட், பாரமான வேலை.

“நீ கிடந்த கிடப்பைப் பார்த்தே எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. நானும் அப்படிப் படுத்தா இந்தத் திரை எப்ப முடியும்? ஆர்டர் முடியட்டும், போறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2

கப்பலிலிருந்து போன். இரைச்சலுக்கு நடுவில் அவர் கேட்டது இரண்டே கேள்வி. அப்பாவுக்குப் புண் வந்திருக்கா? அக்கா ஊசி போட்டாச்சா?

“இந்த வாரம் போட வச்சுடறேன்” என்றேன். போனை வைத்ததும் அவளிடம் போய்ச் சொன்னேன். “உன் வீட்டுக்காரன் அங்க இருந்துக்கிட்டு என்னை அதிகாரம் பண்றானா? மொதல்ல அவனை மாத்துத் துணி ஒழுங்கா துவைக்கச் சொல்லு” என்றாள்.

இன்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அக்கா, எனக்கு அவ்வளவெல்லாம் இல்லை, மூன்றாம் நாள் நான் சும்மாதான் படுத்திருந்தேன், பயப்படாதீங்க என்று. சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாளே. விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 9

திரை பாதி முடிந்தது. அடுத்த வாரம் போகிறாளாம். ஆகட்டும்.

ஏப்ரல் 18

சட்டாம்பிள்ளைக்கு இருமல். வெல்வெட் தூசி என்கிறாள். தூசி எனக்கும்தானே.

ஏப்ரல் 20

அதேதான். பரிசோதனையில் வந்துவிட்டது. மாமனாருக்கும் எனக்கும் இல்லை.

மெஷின் இருக்கும் முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தால்தான் திறக்கிறாள். கடிகாரக்காரர் கேட்காமலேயே மேலே வந்து விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்தார். “ம்” சொல்ல ஆள் இல்லாமல் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து “ம்” என்றாள், இருமலோடு.

ஏப்ரல் 24

மூச்சு வாங்குகிறது. பாத்ரூம் போய் வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். ஆம்புலன்ஸ் வந்தது. கூட யாரும் ஏறக் கூடாதாம். படியிறங்கும்போது திரும்பி, “இஸ்திரிப் பெட்டியை அணைச்சேனா பாரு” என்றாள். அணைத்துத்தான் இருந்தது.

ஏப்ரல் 27

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் தன் போனில் அவளைப் பேச வைத்தார். முகமூடிக்குள்ளிருந்து, விட்டு விட்டு.

“அடி மடிப்பு நாலு விரல் விடு. ரெண்டு விரல் விட்டுத் தொலைக்காத, திரை நிக்காது.”

“சரிக்கா.”

“அப்பா?”

“கடிகாரக்காரர் வராருக்கா. முதுகு நல்லா இருக்கு.”

“ம். உனக்கு முடியலைன்னா படுத்துக்க.”

அதற்கு நான் என்ன சொன்னேன்? ஒன்றுமே வரவில்லை. சொல்லியிருக்கலாம், அப்போதாவது. பின்னால் யாரோ நிறைய பேர் இருமினார்கள், லைன் போய்விட்டது.

மே 1

அக்கா இல்லை.

மே 2

மயானத்தில் தூரத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். முகத்தைக் காட்டவில்லை. உயரத்தை வைத்துத்தான் அவள் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவைப் போல நல்ல உயரம்.

கப்பலுக்குச் சொல்லியாகிவிட்டது. அவர் அழுத சத்தமும் இன்ஜின் சத்தமும் ஒன்றாகக் கேட்டது. “போட வச்சுடறேன்னு சொன்னியே” என்றார். அடுத்த நொடியே, “இல்ல, உன்னைச் சொல்லல, உன்னைச் சொல்லல” என்றார். என்னைத்தான் சொன்னார். சொல்லட்டும். வேறு யாரைச் சொல்வது?

மே 9

அவள் பொருள்களை வாங்கப் போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அன்னைக்கே போட்டிருந்தா பிழைச்சிருப்பாங்களா?

அவரும் தூங்காத கண்ணோடு இருந்தார். “போட்டிருந்தா வாய்ப்பு நிறைய இருந்திருக்கும். நிச்சயமா பிழைச்சிருப்பாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா” என்றார். பொய் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷர். போட்டிருந்தாலும் இதேதான் என்று ஒரு வார்த்தை.

திரும்பி வந்தால் படியில் கடிகாரக்காரர் உட்கார்ந்திருந்தார். “அது அவங்க ஊசிம்மா. என்னைக் கூப்பிட்டுக் குடுத்துட்டாங்க” என்றார். பெரிய மனுஷர், என் எதிரில் அழுதார். நீங்க என்னய்யா பண்ணுவீங்க, கூப்பிட்டாங்க வந்தீங்க என்றேன். அவருக்குச் சொல்ல முடிந்தது.

மே 17

அக்கா போன அன்றைக்கே மாமனாரிடம் சொல்லிவிட்டோம். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இருந்த பாதிப் பேச்சும் போய்விட்டதோ என்னவோ. நான் பக்கத்தில் போனால் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. அன்னைக்கு நான் எந்திரிச்சு தண்ணி குடுத்ததைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். காய்ச்சலே இல்லாம ஒருத்தி நடிச்சுக்கிட்டுக் கிடந்தா, அதைப் பார்த்துப் பயந்து என் பொண்ணு ஊசிக்குப் போகலைன்னுதானே நினைக்கிறார்? வேற என்ன நினைப்பார்? நானே அதைத்தானே நினைக்கிறேன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் சுகமா படுத்துக்கணும்னு நினைச்சேன், ஐயோ, அது ஒரு குத்தமா? குத்தம்தான். மனுஷிதானா நான்?

மே 25

திரையை முடித்துக் கொடுத்தேன். நாலு விரல் மடிப்பு.

ஜூன் 3

இரண்டாவது ஊசி. போகாமலே இருந்துவிடலாமென்றுதான் இருந்தது. பயமில்லை, வெட்கம். கடிகாரக்காரர், “நானும் போறேன், வாங்க” என்று கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், “ரொம்பக் காய்ச்சல் வருமாமே? நீங்க முதல் ஊசி போட்டப்ப எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“ரெண்டு நாள் இருந்துச்சு. மூணாம் நாள் சரியாயிடுச்சு. தயங்காம போட்டுக்கங்க” என்றேன். முதல் தடவையாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன். சொல்ல வேண்டியவரிடம் இல்லை.

ஜூன் 4

காலையிலிருந்து காய்ச்சல். போன தடவை அளவுக்கு இல்லை. ஆனாலும் படுக்கவில்லை. படுக்கவே கூடாது என்று வைராக்கியம். கடிகாரக்காரரோடு மாமனாரைப் புரட்டினேன், விரிப்பை மாற்றினேன். அவர் கீழே போன பிறகு மாமனாருக்குத் தண்ணீர் கொடுத்து வாயைத் துடைத்துவிட்டேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கை, முடிந்த கை. விடவில்லை.

“சுடுது” என்றார்.

பேசிவிட்டார். இத்தனை நாளுக்குப் பிறகு. வார்த்தை வார்த்தையாக, எச்சிலை விழுங்கி விழுங்கிச் சொன்னார்.

“அன்னைக்கு… சுடல. தண்ணி குடுத்த. கை… ஜில்லுனு.”

எதற்குக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆமாம் மாமா, நடிச்சேன், என்னால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தலையை ஆட்டி நிறுத்தினார்.

“அவகிட்ட சொன்னேன். காய்ச்சல் இல்லைன்னு… சொன்னேன்.”

“அக்காகிட்டயா?”

“தெரியும்ப்பான்னா. கிடக்கட்டும்… வந்ததுலேருந்து ஒரு நாள் படுக்கலைன்னா.” மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும், “சூப் வைக்கப் போனா” என்றார்.

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, சுடுகிறது என்றும் சொல்லி, சூப் வைத்துக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் என்னைப் பார்த்துப் பயந்து ஊசியைத் தள்ளிப் போடவில்லை. வேறு எதற்கு? வேலைக்காகவா, சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் பயமா, அலட்சியமா — இனி யாரைக் கேட்பது? எத்தனை தடவை வாய் வரை வந்து விழுங்கினேன். சொல்லியிருந்தால், தெரியுமே என்று சிரித்திருப்பாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சிருப்போம். அந்த வேகத்துல கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேனே, அக்கா.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். மாமனார் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். என் அறைப் பக்கம் விரலைக் காட்டினார், போய்ப் படு என்று. நான் எழவில்லை. மறுபடி தட்டினார்.

போய்ப் படுத்துக்கொண்டேன்.