வேப்பிலை கட்டிய வீட்டுக்கு வந்த உத்தரவு

அனுப்புநர்:
க. சின்னையா,
ரொட்டி வேன் ஓட்டுநர்,
மூன்றாம் மாடி, அடுக்குமாடிக் குடியிருப்பு,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
தலைமைச் சுகாதார அதிகாரி அவர்கள்,
வட்டாரச் சுகாதார அலுவலகம்,
கோலாலம்பூர்.

பொருள்: என் மகள் சந்திரகலாவை (வயது 9) வரும் திங்கட்கிழமைக்குள் தொற்றுநோய் வார்டில் சேர்க்கச் சொல்லும் உத்தரவை ரத்து செய்யக் கோருவதும், உத்தரவு போட்ட இன்ஸ்பெக்டர் திரு. சீவரத்தினம் மீது புகாரும்.

மதிப்புக்குரிய ஐயா,

கோபத்தில் எழுதுகிறேன்; மதிப்பில் குறைவில்லை. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று அறிந்து தமிழிலேயே எழுதுகிறேன். மலாய் மொழியில் எனக்கு ரொட்டி விற்கத்தான் வரும். சண்டை போட வராது.

1. என் மகளுக்குப் பெரியம்மையும் இல்லை, சின்னம்மையும் இல்லை. அவளுக்கு இருப்பது ரத்தப் புற்றுநோய். சென்ற ஆண்டு முழங்கால் வலிக்கிறது என்றாள். வளர்கிற வலி என்று நானே வைத்தியராகி எண்ணெய் தேய்த்தேன். மருத்துவமனையில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஊறும் இடத்திலேயே கெட்ட அணுக்கள் குடியேறிவிட்டன என்றார்கள். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்ற எனக்கு, மஜ்ஜை என்றால் ஆட்டு நல்லி எலும்பில் உறிஞ்சுவது என்றுதான் அதுவரை தெரியும். இப்போது அதை இலையில் பார்த்தாலே எழுந்துவிடுகிறேன்.

2. மருந்து கெட்டதோடு நல்லதையும் அழிக்கிறது. மஜ்ஜை ஓய்ந்து கிடப்பதால், கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணு அவளிடம் இப்போது இல்லையென்றே சொல்லலாம். மாத்திரை எலும்பையும் அப்பளமாக்கிவிட்டது. வீட்டுக்கு யாரையும் விடாதே என்றார் டாக்டர். நம் ஆட்களைத் தடுக்க முடியுமா, ஐயா? நோயாளியைப் பார்க்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. காஜாங்கிலிருந்து என் மைத்துனர் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சிப் பொட்டலத்தோடும் இருமலோடும் வந்தார். சாத்தேயை நான் தின்றேன். இருமல் அவளுக்குப் போனது. இருமி இருமியே முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கிவிட்டது.

3. அதன் பிறகுதான் கதவில் வேப்பிலை கட்டினேன். டாக்டர் பேச்சுக்கு அடங்காத சனம் மாரியம்மனுக்கு அடங்கியது. அம்மை போட்ட வீடு என்று வாசலோடு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பொய்தான். “சாமி கண்ணைக் குத்தாதாப்பா?” என்று மகள் கேட்டாள். “குத்தட்டும்மா, வேன் ஓட்ட ஒரு கண்ணு போதும்” என்றேன். சிரித்தாள்; முதுகு வலித்து உடனே நிறுத்திக்கொண்டாள்.

4. செவ்வாய்க்கிழமை திரு. சீவரத்தினம் வந்தார். யாரோ பெரியம்மை என்று தகவல் கொடுத்தார்களாம். அவர் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, அவருடைய ஆட்கள் சப்பாத்துக் காலோடு உள்ளே ஏறி மருந்தடித்தார்கள். அதில் ஒருவருக்குச் சளி வேறு. என் மனைவி சீதாலெட்சுமி பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். நான் டாக்டர் கடிதத்தை நீட்டினேன். “வேப்பிலை கட்டியிருக்கு, பிறகென்ன டொக்டர் கடிதம் ஐசே? எனக்கே கதை விடுறீரோ?” என்றார். வேப்பிலையை வாசிக்கத் தெரிந்தவருக்கு வெள்ளைத்தாளை வாசிக்கத் தெரியவில்லை. பிள்ளை உடம்பில் ஒரு கொப்புளமாவது உண்டா என்றுகூட எட்டிப் பார்க்காமல் உத்தரவை எழுதினார்.

5. அவர் சொல்லும் வார்டில் உண்மையான அம்மையும் மணல்வாரி என்னும் தட்டம்மையும் படுத்திருக்கின்றன. மற்றப் பிள்ளைகளுக்கு வந்து போகிற அம்மை, இவளைக் கொண்டே போய்விடும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அக்கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். இந்த முறையாவது யாராவது வாசிக்கட்டும்.

6. பொய் சொன்னவன் நான். தண்டனை எனக்கு. அபராதமோ சிறையோ, வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். பிள்ளையைக் கொண்டுபோக ஆள் வந்தால் மட்டும் விட மாட்டேன். விற்காத ரொட்டியைத் தின்றே பெருத்த உடம்பு இது. படிக்கட்டில் குறுக்கே உட்கார்ந்தால் திரு. சீவரத்தினத்தின் படை முழுவதும் வந்தாலும் தாண்ட முடியாது. இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டால் சரியாகவே எடுத்துக்கொண்டீர்கள்.

7. ஆகவே திங்கட்கிழமைக்கு முன் அந்த உத்தரவை எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். திரு. சீவரத்தினம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் வர வேண்டாம், கடிதம் போதும். நானாவது வாசிப்பேன்.

கடைசியாக ஒன்று. போகும்போது அவருடைய ஆட்கள் ‘தொற்றுநோய், உள்ளே வராதீர்’ என்று மலாயில் சிவப்பு எழுத்துத் தாள் ஒன்றைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். உத்தரவை ரத்து செய்த கையோடு அதைக் கிழிக்க ஆள் அனுப்பிவிடாதீர்கள். வேப்பிலைக்கு நம் ஆட்கள் மட்டும்தான் ஒதுங்கினார்கள். இந்தத் தாளுக்கு எல்லா இனத்தாரும் ஒதுங்குகிறார்கள், காஜாங் மைத்துனர் உட்பட. மகளுக்கு வெள்ளை அணு ஏறும் வரை அது அங்கேயே இருக்கட்டும். பிறகு அவள் கையாலேயே கிழிக்கச் சொல்கிறேன்.

உத்தரவுக்குப் பணியாத, மற்றபடி பணிவுள்ள,

(கையொப்பம்)
க. சின்னையா

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
நாள்: 18 ஆகஸ்டு 1977